கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் யாழ்ப்பாணக் குடாநாடும்

நோய்களுட் சில திடீரெனத் தோன்றிச் சில நாட்களிலேயே உயிரைக் கவர்ந்து செல்வன. வேறு சில, ஆண்டுக்கணக்காக அறிகுறி எதுவுமின்றி உடலில் தங்கியிருந்து, வெளிப்படும் வேளையில் மருத்துவத்தின் கையை மீறிவிடுவன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இரண்டாம் வகையைச் சார்ந்தது. எனினும், அந்நோய் மறைந்திருக்கும் நீண்ட காலமே அதனைத் தடுப்பதற்கு நமக்குக் கிடைக்கும் அவகாசமுமாகும். காரணி ஐயத்திற்கிடமின்றி அறியப்பட்டு, தடுப்பூசியும் முன்னறி பரிசோதனையும் கைவசமுள்ள புற்றுநோய்கள் மிகச் சிலவே. அவற்றுள் இதுவே முதலிடம் பெறத்தக்கது எனலாம்.

அவ்வாறிருந்தும் இந்நோயாற் பெண்கள் இறந்துகொண்டிருப்பதேன்? இக்கட்டுரையில் நாம் முதலில் நோயின் இயல்பையும் அதன் காரணியாகிய வைரசையும் விளக்கி, பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றோடு அதனைப் பொருத்தி நோக்க முற்படுகின்றோம். தடுப்பூசி நம் மகளிரின் புதல்வியரைக் காக்கும். ஆனால் அன்னையரைக் காக்க வேண்டியது பரிசோதனையே என்பதும், அப்பரிசோதனை எட்டாமற்போன ஒரு தலைமுறை நம்மிடையே வாழ்கின்றது என்பதும் இங்கு நாம் வலியுறுத்த விரும்பும் கருத்துக்களாம்.

நோய் தோன்றும் இடம்

கருப்பையின் கீழ்ப்பகுதி ஒடுங்கி யோனியினுள் இறங்கும் இடமே கருப்பைக் கழுத்து எனப்படும். இதன் வெளிப்புறத்தைப் பல அடுக்குகளாலான தட்டையான கலங்கள் மூடியுள்ளன. உட்புறக் கால்வாயையோ சளியைச் சுரக்கும் ஓரடுக்குக் கம்பக் கலங்கள் மூடியுள்ளன. இவ்விருவகைக் கலங்களும் சந்திக்கும் எல்லை ஒரு நிலையான கோடு அன்று. பெண் பூப்பெய்திய காலந்தொட்டு, அவ்வெல்லையில் உள்ள கம்பக் கலங்கள் படிப்படியாகத் தட்டைக் கலங்களாக மாறுகின்றன. மருத்துவர் இப்பகுதியை மாற்ற வலயம் என வழங்குவர். இடையறாது கலங்கள் பிரிந்து பெருகும் இவ்விடமே வைரசு எளிதிற் புகுந்து நிலைகொள்ளும் இடமாகவும், புற்றுநோய் பெரும்பாலும் தோன்றும் இடமாகவும் அமைகின்றது.

காரணி கண்டறியப்பட்ட வரலாறு

இந்நோய்க்கும் மணவாழ்வுக்கும் தொடர்புண்டு என்னும் ஐயம் பழையது. இத்தாலி நாட்டின் வெரோனா நகரிற் பதிவான இறப்புக்களை ஆராய்ந்த இரிகோனி-ஸ்ரேண் என்னும் மருத்துவர், கன்னியாத்திரிகளிடையே கருப்பைப் புற்றுநோய் அரிதாகவும் மார்பகப் புற்றுநோய் மிகுதியாகவும் காணப்பட்டதை 1842ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். உடலுறவினாற் கடத்தப்படும் ஏதோவொரு பொருள் காரணமாயிருக்கலாம் என்ற எண்ணம் இதிலிருந்து வளர்ந்தது. அப்பொருள் யாதென அறியச் சற்றொப்ப நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

1970களில் ஆய்வாளர் பலர் ஹேர்ப்பிசு வைரசையே ஐயுற்றனர். ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் மட்டும், உடலில் மருக்களை உண்டாக்கும் பப்பிலோமா வைரசுக் குடும்பத்திலே காரணியைத் தேடினார். 1983இல் இக்குடும்பத்தின் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் கருப்பைக் கழுத்துப் புற்றிழையங்களில் அவரும் அவரோடு பணியாற்றியோரும் இனங்கண்டனர். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளிலிருந்து பெறப்பட்ட இப்புற்றுநோய் மாதிரிகளில் 99.7 வீதமானவற்றில் இவ்வைரசு இருப்பதைக் காட்டியது. சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதப் பப்பிலோமா வைரசில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை தீங்கற்றவை, அல்லது சாதாரண மருக்களை உண்டாக்குவன. ஏறத்தாழப் பதினான்கு வகைகளே புற்றுநோயை விளைக்கும் ஆற்றல் மிக்கவை. இவற்றுள் 16ஆம், 18ஆம் வகைகள் மட்டுமே உலகிற் காணப்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமாகின்றன.

தொற்றிலிருந்து புற்றுநோய்வரை

தொற்று வேறு, புற்றுநோய் வேறு. உடலுறவு வாழ்வுடைய ஆண் பெண் இருபாலாருட் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர். அவர்களுட் பத்தில் ஒன்பது பேர்வரை, உடலின் நிர்ப்பீடன ஆற்றலால் இரண்டு ஆண்டுகளுக்குள் அதனை வென்றுவிடுகின்றனர். நோயின் கதை, எஞ்சியோரின் கலங்களில் வைரசு நிலைபெறும்போதே தொடங்குகின்றது.

கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காவற் புரதங்கள் நம் உடலில் உள. அவற்றுள் முக்கியமானவை பி53 என்பதும் ஆர்பி என்பதுமாம். பழுதடைந்த கலம் பெருகாவண்ணம் தடுப்பதும், திருத்தவியலாத கலத்தை மாய்ந்துபோகச் செய்வதும் இவற்றின் பணிகள். வைரசு உண்டாக்கும் ஈ6 என்னும் புரதம் பி53ஐ அழிக்கின்றது. ஈ7 என்னும் புரதம் ஆர்பியைச் செயலிழக்கச் செய்கின்றது. காவலர் இருவரும் நீங்கிய வீட்டிற்போல, கலத்தினுள் பழுதுகள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்கின்றன. கலங்கள் உருவில் மாறுகின்றன. பின்னர் அம்மாற்றம் மேலணியின் முழு ஆழத்தையும் பற்றுகின்றது. இறுதியில் அடித்தளத்தைத் துளைத்து அயல் இழையங்களுட் புகுகின்றது. இவ்விறுதிப் படியையே புற்றுநோய் என்கின்றோம்.

இப்பயணம் நிறைவுற வழமையாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். நிர்ப்பீடனம் குன்றிய பெண்களில், சிறப்பாக எச்.ஐ.வி. தொற்றுடையோரில், இக்காலம் பெரிதும் சுருங்கும். புகைத்தல், பல பேறுகள் ஆகியன நோய் முதிர்வதற்குத் துணைபுரிவன.

முற்புற்று நிலையில் நோவில்லை, குருதிப்போக்கில்லை. அறிகுறி தோன்றுமுன்னரே மாற்றத்தைக் கண்டு, குளிர்ச் சிகிச்சையாலோ மின்தடத்தால் அப்பகுதியை அகற்றியோ சில நிமிடங்களிற் குணப்படுத்தல் கூடும். உடலுறவின் பின் குருதி வெளிப்படல், மாதவிலக்கு முற்றாக நின்ற பின்னர் மீண்டும் குருதி காணல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல், இடுப்பில் நீங்காத நோவு ஆகியன தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்புற்று நிலையைக் கடந்திருக்கும். அந்நிலையிலும் உடன் மருத்துவரை நாடுவோர் உயிர்பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் சிகிச்சையோ பெரிய சத்திர சிகிச்சையாகவும், வாரக்கணக்கான கதிர்ச் சிகிச்சையாகவும் நீண்டுவிடுகின்றது.

சுமையின் அளவு

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. இறந்தோரில் 94 வீதத்தினர் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உடைய நாடுகளைச் சார்ந்தோர். இந்நோய் ஏழ்மையோடும் சேவை எட்டாமையோடும் எத்துணை நெருங்கியது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் பெண்கள் புதிய நோயாளராகின்றனர். மார்பகப் புற்றுநோயோடு ஒப்பிடுகையில் இத்தொகை சிறிதே. ஆயினும் அவர்களுட் பெரும்பாலோரின் நோய் தடுத்திருக்கக்கூடியது என்பதை எண்ணும்போது அது சிறிய தொகையன்று.

தொற்றின் பரம்பல் இடத்துக்கு இடம் வேறுபடும். இலங்கையின் மேல் மாகாணத்துக் கம்பகா மாவட்டத்தில் 20 முதல் 59 வயதுவரையுள்ள, மணஞ்செய்த பெண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வில் நூற்றுக்கு மூவர் அளவினரிடமே வைரசு காணப்பட்டது. கடலுக்கப்பால், தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2005இல் வெளிவந்த ஆய்விலோ அது 17 வீதமாயிருந்தது. பரிசோதனை முறைகளும் வேறுபடக்கூடுமாகலின் இவ்வெண்களை நேருக்கு நேர் நிறுத்துதல் பொருந்தாது. எனினும் ஒரு பிரதேசத்தின் சுமையை வேறொரு பிரதேசத்தின் எண்ணைக் கொண்டு அளத்தலாகாது என்பது தெளிவு. மேலும், வைத்தியசாலைப் பதிவேடு வைத்தியசாலைக்கு வந்தவரை மட்டுமே காட்டும். வராதவரை அது காட்டாது. பரிசோதனை குறைந்த இடத்தில் எண்ணிக்கை குறைந்து தோன்றின், அதனை நலத்தின் அடையாளமாகக் கொள்ளுதல் பிழையாகும்.

குடாநாட்டில் தவறிய ஆண்டுகள்

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு மருத்துவத்தின் வரலாறு பெருமைக்குரியது. 1847இல் இங்கு வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மகப்பேற்று நூல் உட்படப் பல மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில் இணுவிலிற் பெண்களுக்கெனத் தனி வைத்தியசாலை எழுந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. ஆகவே பெண்களின் மருத்துவம் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் இந்நோயைத் தடுக்கும் நாடளாவிய ஏற்பாடு உருவான காலத்திலேதான் குடாநாடு போருள் ஆழ்ந்திருந்தது.

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996ஆம் ஆண்டிலே தொடங்கின. குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம் ஆகியவற்றைச் சோதிப்பதோடு கருப்பைக் கழுத்துக் கலங்களை வழித்தெடுத்துக் கண்ணாடித் தட்டிற் பரப்பிச் சோதிக்கும் பப் பரிசோதனையும் அங்கு இலவசமாகச் செய்யப்படுகின்றது. இம்முறையை வகுத்த பப்பனிக்கொலாவு என்னும் மருத்துவரின் பெயரே இப்பரிசோதனைக்கு நிலைத்தது. 35 வயதுப் பெண்களை முதன்மை இலக்காகக் கொண்ட இத்திட்டம் பின்னர் 45 வயதினரையும் சேர்த்துக்கொண்டது.

இவ்வாண்டுகளை நம் வரலாற்றோடு இணைத்துப் பார்ப்போமாக. 1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தது. கண்டி வீதி 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் 2009இல் முடிந்தது. 1996க்கும் 2009க்கும் இடையில் 35 வயதை எய்திய பெண்கள் 1961 முதல் 1974 வரையிற் பிறந்தவர்கள். பரிசோதனைக்கென வகுக்கப்பட்ட வயதில் அவர்களுட் பலர் அகதி முகாமிலும், உறவினர் வீட்டுத் திண்ணையிலும், பங்கர்க் குழியிலும் நாளைக் கழித்தனர். பிள்ளைக்குப் பால்மா தேடியலைந்த தாய், நோவற்ற ஒரு நோய்க்காகக் கிளினிக்கைத் தேடிச் செல்வாளென எதிர்பார்த்தல் இயலாது.

அவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்தோர். உலகளவில் இப்புற்றுநோய் கண்டறியப்படும் சராசரி வயது ஏறத்தாழ 53 ஆகும். திட்டம் அழைக்கும் 35, 45 ஆகிய இரு வயதுகளையும் தாண்டிவிட்ட இப்பெண்கள், நோய் வெளிப்படும் வயதிலோ நிற்கின்றனர். போர் விதவையரும் இவர்களுட் பலர். “அவர் போய் இவ்வளவு வருசமாச்சு, எனக்கேன் உந்தச் சோதனை?” என்னும் எண்ணம் இயல்பானதே. ஆயினும் முன்னர் விளக்கியவாறு, இருபது ஆண்டுகட்கு முன் புகுந்த வைரசு இன்று புற்றுநோயாக வெளிப்படல் கூடும். கணவன் மறைவோடு நோயின் அபாயம் மறைவதில்லை.

போரின் பின்னர் நிலைமை மாறியுள்ளது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை வளவில் 2013இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் தூரம் மக்கள் நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது. முன்னர் மகரகமைக்கு நெடும்பயணம் செய்ய வேண்டியிருந்த நோயாளர் பலர் வடக்கிலேயே சிகிச்சை பெற வாய்ப்புண்டாயிற்று. எனினும் சிகிச்சை நிலையம் நோயின் கடைவாயில். முதல்வாயில் ஊர்க் கிளினிக்கே. குறிகட்டுவானிலிருந்து படகேறிக் கடல் கடந்து செல்ல வேண்டிய நெடுந்தீவு போன்ற இடங்களில், அம்முதல்வாயிலைத் திறந்து வைத்திருப்பவர் குடும்பநல உத்தியோகத்தரே.

திண்டுக்கல் தரும் பாடம்

வளங் குறைந்த கிராமங்களிற் பரிசோதனை பயன் தருமா என்பார்க்குத் திண்டுக்கல் மாவட்டம் விடை கூறியுள்ளது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு அங்கு ஒரு பேராய்வு நடந்தது. பயிற்சி பெற்ற தாதியர், கருப்பைக் கழுத்தில் ஐதான அசற்றிக்கமிலத்தைத் தடவினர். வினாகிரியில் உள்ள அதே அமிலந்தான் இது. மாற்றமுற்ற கலங்கள் இதனால் வெண்ணிறமாகத் தோன்றும். கண்ணாற் கண்டு அன்றே சிகிச்சை தொடங்கலாம். 30 முதல் 59 வயதுவரையான பெண்கள் ஊரூராக அழைக்கப்பட்டனர். 2007இல் வெளிவந்த முடிவுகள், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 வீதத்தாலும் அதனால் நேரும் இறப்பு 35 வீதத்தாலும் குறைந்ததைக் காட்டின. ஒரே ஒரு தடவைப் பரிசோதனையின் பயன் இது.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. மாதவிலக்கு நின்ற பின்னர் மாற்ற வலயம் உட்கால்வாய்க்குள் ஒதுங்கிவிடுவதால், கண்ணாற் கண்டறிதல் மூத்த பெண்களுக்குப் பொருந்தாது. நாம் கூறிய தவறிய தலைமுறைக்கு ஏற்றது வைரசின் டி.என்.ஏ.யையே தேடும் பரிசோதனையாம். மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரு தடவை இப்பரிசோதனைக்கு உட்பட்ட பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உலக சுகாதார தாபனமும் 2021இல் இதனையே முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. இதற்கான மாதிரியைப் பெண் தானே தனியிடத்தில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது நம் சமூகத்தைப் பொறுத்தவரை பெரிய வாய்ப்பாகும். பரிசோதனைக் கட்டிலில் ஏறக் கூசும் பெண்ணும் இதற்கு உடன்படக்கூடும்.

தடுப்பூசி

தடுப்பூசியில் வைரசு இல்லை. அதன் மேலுறைப் புரதம் மட்டுமே வெற்றுக்கூடாக அமைக்கப்பட்டுள்ளது. அதனுள் பரம்பரைப் பொருள் இன்மையால் அது நோயை உண்டாக்க இயலாது. உடலோ அதனைப் பகையெனக் கருதிப் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகின்றது. தொற்றுமுன் பெற்றாலே முழுப்பயன். ஏற்கனவே புகுந்த வைரசை அது வெளியேற்றாது. சிறுமியருக்கு இதனை வழங்குவதன் காரணம் இதுவே. அவர்களின் ஒழுக்கம் பற்றிய ஐயம் அன்று.

இலங்கை 2017இல் இத்தடுப்பூசியைத் தேசியத் திட்டத்திற் சேர்த்து, ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலையிலேயே ஆறு மாத இடைவெளியில் இரு தடவை வழங்கத் தொடங்கியது. அதன் பயனை முன்னோடி நாடுகளிலிருந்து அறியலாம். சுவீடனில் 17 வயதுக்கு முன் இதனைப் பெற்றோரிடையே புற்றுநோய் 88 வீதம் குறைவாகக் காணப்பட்டதை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் வழங்கப்பட்ட தலைமுறையில் 87 வீதக் குறைவு காணப்பட்டதென 2021இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

ஆனால் 2017இற் பத்துப் பதினொரு வயதினராயிருந்தோர் 2006ஆம் ஆண்டளவிற் பிறந்தவர். இக்கோட்டின் இப்பால் நிற்கும் தாய்மாருக்கும் மூத்த சகோதரியருக்கும் அத்திட்டத்தின் பயன் நேரே கிடைக்கவில்லை. தடுப்பூசி பெற்றோரும் எல்லா வகைகளிலிருந்தும் காக்கப்படாமையால், உரிய வயதிற் பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும்.

நாணமும் நோயும்

எஞ்சும் தடை நாணம். மறைவுறுப்பின் நோயைச் சொல்லக் கூசுதல் நம் பெண்களிடையே ஆழ வேரூன்றியது. வெள்ளைபடுதலை உடற்சூடெனக் கருதிக் கைமருந்தோடு விடுதலும், மாதவிலக்கு நின்றபின் காணும் குருதியை மீண்டும் வந்த மாதத் தீட்டெனக் கொள்ளுதலும் அக்கூச்சத்தின் விளைவுகள். வைரசு உடலுறவாற் பரவுவது என அறிந்தோரிடையே கூச்சம் பழியாகவும் மாறுகின்றது. இதற்கு அறிவியலில் ஆதாரமில்லை. வாழ்வில் ஒருவரையன்றி வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் இத்தொற்று நேரலாம். வைரசை ஆணும் அறியாமலே சுமப்பான். நிலைபெற்ற தொற்று, நிர்ப்பீடனம் ஒருவரில் வென்றது, இன்னொருவரில் வெல்லவில்லை என்பதை மட்டுமே சொல்லும். ஒழுக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

முடிவுரை

2020ஆம் ஆண்டு உலக சுகாதார தாபனம் 2030க்கென மூன்று இலக்குகளை வகுத்தது. 15 வயதுக்குள் 90 வீதச் சிறுமியருக்குத் தடுப்பூசி. 35 வயதுக்குள்ளும் மீண்டும் 45 வயதுக்குள்ளும் 70 வீதப் பெண்களுக்குப் பரிசோதனை. நோய் காணப்பட்டோரில் 90 வீதத்தினருக்குச் சிகிச்சை என்பன அவை. குடாநாட்டில் இவற்றோடு நான்காவதொன்றையும் சேர்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து. போர்க்காலத்தில் உரிய வயதைத் தவறவிட்ட, இன்று ஐம்பதைக் கடந்த பெண்களை ஒருமுறையேனும் பெயர் சொல்லி அழைத்துச் சோதித்தலே அது. ஒவ்வொரு வீட்டையும் அறிந்த குடும்பநல உத்தியோகத்தருக்கு அவர்களை இனங்காண்பது அரிதன்று. பாடசாலைகளும் மாதர் சங்கங்களும் ஆலயச் சபைகளும் அவருக்குத் துணைநிற்றல் வேண்டும்.

ஆறாம் வகுப்பு மகள் தடுப்பூசி பற்றிய அறிவித்தலை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள் ஒவ்வொரு குடும்பத்திலும் வரும். அன்று தாய் அதிற் கையொப்பமிடுவதோடு அமையாது, தானும் தன் தாயும் இறுதியாகப் பரிசோதிக்கப்பட்டது எப்பொழுது என எண்ணிப் பார்ப்பாளாயின், அந்த ஓர் அறிவித்தல் மூன்று தலைமுறைக்குப் பயன்படும்.